மாமாவின் குரலை அழிக்கும் பொத்தான்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் மாமாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நலம் விசாரிப்பது இதோடு முடிந்தது, உன்மேல் இருக்கும் கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. போனில் சொன்னால் "அம்மா, நீ புரிஞ்சுக்கவே இல்ல" என்று நடுவில் புகுந்துவிடுவாய், கடிதத்தில் புக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்து, எந்தப் பெரிய கம்பெனியையும் அண்டாமல் செய்த அந்த விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டு நன்றாகப் போகிறது என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். கதை முழுக்க உன்னுடையது என்றாய். அப்பா எதிர்வீடு கீழ்வீடு பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தார். ஆனால் மாமாவின் குரல் அதில் இருப்பதை நீ சொல்லவில்லை, தெருமுனை மருந்துக்கடைக்காரர் சொன்னார். மாமாவின் கழுத்துத் துளையை மூடும் துணி வாங்கப் போயிருந்தேன், அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "உங்க தம்பி மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாரா? உங்க பொண்ணு செஞ்ச கேம்ல கேட்டேன், அதே குரல், அதே சிரிப்பு. ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்!" என்றார். புற்று வந்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டவன் எப்படிப் பேசுவான், அது பழைய குரலாக இருக்கும் என்று நாலு பேர் நடுவில் நான் விளக்க வேண்டியதாயிற்று. பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. நான் போன காரியத்தை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் விளையாடிப் பார்த்தேன். அப்பா ஓட்டினால் விண்கலம் சுவரில் முட்டி முட்டி நிற்கிறது, ரிவர்ஸ் எங்கே என்று கேட்கிறார், அதனால் அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆரம்பம் எனக்குப் பிடித்தது. எல்லோரும் செத்துப்போன கலம், மிஞ்சியது ஒரு பெண், அவள் ஒவ்வொரு அறையாகத் திறந்து போகிறாள், பாதி மடித்த போர்வை, கழுவாத தட்டு, யாரோ சுவரில் கிறுக்கிய கணக்கு. இதையெல்லாம் கவனிக்க நீ எங்கே கற்றாய் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு அறையில் செத்துப்போன வழிகாட்டியின் பேச்சுப் பதிவு ஓடியது. "என்ன மருமகளே, சாப்பிட்டியா? நீ இளைச்சு வந்தா உங்கம்மா என் பல்லைத்தான் கழட்டுவா, ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவன் பொக்கையா நிக்கணும் பாத்துக்க." அப்புறம் அந்தச் சிரிப்பு, சிரிப்பு முடியும் இடத்தில் இருமல். நீ விடுதியில் இருந்தபோது மாமா உனக்குப் போனில் பேசி அனுப்பியது. கீழே வேற்று மொழியில் எழுத்து ஓடுகிறது, ஊர் பேர் தெரியாதவர்கள் புரிந்துகொள்ள. நான் அதிலிருந்து தேறுவதற்குள் கலம் என்னிடம் கேட்கிறது, நினைவகத்தில் இடமில்லை, எஞ்சின் கிளம்ப வேண்டுமானால் ஒரு பதிவை அழி என்று. பொத்தான் மினுக்மினுக்கென்று எரிகிறது. நான் கையை எடுத்துவிட்டேன். என் கலம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். சாக்கடை கலந்த குடிநீரைப் புட்டி புட்டியாகப் பரிசோதித்து, அதே மேஜையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடும் சாப்பிடுகிறவள். எனக்குக் குமட்டுவது அவ்வளவு சுலபமில்லை. அன்று குமட்டியது. போதாக்குறைக்கு அப்பா பெருமையாக ஒரு வீடியோவைக் காட்டினார், எவனோ ஒருவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உன் விளையாட்டை ஆடியபடியே மாமாவைப் போல இருமிக் காட்டுகிறான், பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அந்த இருமல் எதனுடைய ஆரம்பம் என்று அவனுக்குத் தெரியாது, அவனை மன்னிக்கலாம். உனக்குத் தெரியும்.

மாமா சம்மதித்தான் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு, இதுதான் இந்த வீட்டில் அவன் பேச்சு, உனக்கும் தெரிந்ததுதான். அவனிடமே கேட்டேன். நீ போனில் ஒரே மூச்சில் வலி குறைஞ்சுதா, தூக்கம் வருதா, உன் பழைய குரலைக் கதையில சேத்துக்கவா, அம்மா பக்கத்துல இருக்காளா என்று அடுக்கினாயாம். அவன் ஒரு தட்டு தட்டியது வலி குறைந்ததற்கு. நீ உனக்கு வேண்டிய கேள்விக்கு அதை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டாய். இதை அவன் பலகையில் எழுதிக் காட்டி, கீழேயே "விடுக்கா, சின்னப் பொண்ணு" என்றும் எழுதினான். இருபத்தாறு வயதில் என்ன சின்னப் பொண்ணு?

இதோடு நின்றிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு அடங்கியிருப்பேன். போன வாரம் உன் முதலாளி எனக்கு வீடியோவில் வந்தார். நல்ல பிள்ளைதான், வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டார். அடுத்த பாகத்துக்கு மாமா சொல்லாத வார்த்தைகளையும் அவன் குரலில் இயந்திரத்தை வைத்துச் சொல்ல வைக்கப் போகிறார்களாம், அதற்கு அனுமதி வேண்டுமாம். பதிலுக்கு அதே குரலை அவன் போனில் போட்டுத் தருவார்களாம், அவன் தட்டெழுதினால் அது பேசும். "சார் மறுபடி வீட்டுல பேசலாம்மா, நீங்க வேண்டாம்னு சொல்ற விஷயமா இது?" என்றார். தூண்டிலில் புழுவை எவ்வளவு அழகாகக் கோத்திருக்கிறார் பார். ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசக் கொடுத்த கருவி சவர மெஷின் இரைவது போல இருக்கிறது என்று மாமா அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டியவன். குரல் என்றதும் அவன் கண் போன போக்கைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதிரிக்கு ஒன்று அனுப்பினார்கள். மாமா பல் கட்டும் அறையிலிருந்து மெழுகுக் கையோடு வந்து உட்கார்ந்து முதலில் "அக்கா" என்று தட்டெழுதினான். போன் அக்கா என்றது. அவன் குரலேதான், அதை மறைத்துப் பயனில்லை. அடுத்து, "இன்ஸ்பெக்டரம்மா, காப்பில தண்ணி சோதனை பண்ணியா, பால் ஊத்த மறந்துட்டியா" என்று எழுதினான். போன் அதைச் செய்தி வாசிப்பது போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னது. அப்பா சிரித்தார், மாமா சிரிக்கவில்லை. எழுத்தை மாற்றினான், வார்த்தையை இழுத்தான், குத்தலை வரவழைக்க என்னென்னவோ செய்து பார்த்தான், வரவில்லை. கடைசியில் வெறும் சிரிப்பை மட்டும் எழுதினான். அது ஹா, ஹா, ஹா என்று பாடம் ஒப்பித்தது. போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் அவனாகவே என் முன்னால் வந்து மேஜையில் இரண்டு தட்டு தட்டினான். ஏனென்று கேட்டதற்கு, "இவன் ரொம்ப நல்லவனா இருக்கான், நம்ம வீட்டுக்குச் சரிப்பட மாட்டான்" என்று எழுதினான். உடனே நான், அப்படியென்றால் பழைய பதிவுகளையும் எடுத்துவிடச் சொல்லி இன்றைக்கே எழுதுகிறேன் என்றேன். அதற்கும் இரண்டு தட்டு. இருக்கட்டுமாம், இருமலும் இருக்கட்டுமாம், அது அவனே இருமியதாம். நான் எவ்வளவோ வாதாடினேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, மேஜை உடையாததுதான் பாக்கி. ஆக உன் அம்மா தோற்றாள், ஆனால் அருவருப்பு மட்டும் போகவில்லை, போகுமென்று நீ எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான், அதைச் செய்ய முடியுமா என்று உன் ஆட்களிடம் கேள். பதிவை அழிக்க மாட்டேன் என்று சொல்லவும் கதையில் ஒரு பொத்தான் வேண்டுமாம். எஞ்சின் கிளம்பாது, ஊர் போய்ச் சேர முடியாது, அதனால் பரவாயில்லையாம். அப்படி யாராவது ஆடுவார்களா என்று கேட்டேன். "சும்மா அங்கயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கவும் ஒரு ஆள் இருப்பா" என்று எழுதிவிட்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். யாரைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, உன் கைக்குக் கிடைத்த வேலை நிலைக்கட்டும், நல்லபடியாக நீடித்து இரு. மாமாவிடம் நீயே பேசு, ஒரு தடவைக்கு ஒரே கேள்வி கேள், அவன் தட்டும்வரை காத்திரு.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் அம்மா