ரீத்தாவின் அறையும் ஜிம்மியின் வயிறும்

நவம்பர் 2, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள் என்றால் மழை தவறாமல் வந்துவிடும். என் வீட்டுக்காரர் குடை பிடிக்க நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்றும் நிற்கவில்லை. மாமியார் கல்லறையில் மட்டும் அணையாமல் எரிந்தது. உயிரோடு இருந்தபோதும் யார் சொன்னாலும் அடங்கமாட்டார்.

மதியம் மகள் ரீத்தா ஃபோன். கன்னியர் மடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் பேச விடுகிறார்கள். முதல் கேள்வி, வழக்கம்போல, "ஜிம்மி எப்படிம்மா இருக்கான்?" நாய்க்கு அப்புறம்தான் நான், அப்புறம் அவள் அப்பா.

டிசம்பர் 27 வருகிறாளாம். ஒரு வாரத்துக்கு மேல் லீவு. அதன் பிறகு நோவிஷியேட், கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்தைய பயிற்சி. அதில் சேர்ந்துவிட்டால் ஒரு வருடம் வீட்டுக்கு வரமுடியாது, ஃபோனும் கிடையாது. "நல்லா யோசிச்சிட்டு வா, வேணாம்னு தோணிச்சின்னா வூட்லயே இருந்துக்கோன்னு மதர் சொன்னாங்கம்மா."

வேணாம்னு தோணிச்சின்னா. மழை விட்ட பிறகும் காதில் அதுவேதான்.

வாங்க வேண்டியது: கருப்பு நூல், கொக்கி ஒரு அட்டை, பினாயில், ரஸ்க் (ஜி.க்கு).

எழுத மறந்தேன். ஜி.யைத் துவட்டும்போது பார்த்தேன், அடிவயிற்றில் முடி இல்லை. உள்ளங்கை அளவு. சிவந்து கிடக்கிறது. ரீ.யிடம் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். இரண்டு ஜாக்கெட் முடிந்தது, ஒன்றுக்குக் கழுத்து இறக்கம் அதிகம், தைக்கக் கொடுத்தவள் நாளை சண்டைக்கு வருவாள்.

ரீ. அறையைத் துடைத்தேன். அவள் போன நாளிலிருந்து தினமும் செய்வதுதான். வருகிற தேதி தெரிந்ததிலிருந்து பினாயிலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுகிறேன். ஆள் இல்லாத அறை என்கிற வாடை அடிக்கக் கூடாது. உள்ளே வந்ததும், நேற்றுதான் போனேன் போலிருக்கே என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஜி. போய் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்கிறான். அவன் இடம் அது, அவள் கட்டிலோரம். விரட்ட மனது வராது.

முழங்கையிலும் தாடைக்கு அடியிலும்கூட முடி கொட்டுகிறது. ராத்திரி பகல் என்று இல்லாமல் நக்கிக்கொண்டே இருக்கிறான்.

எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதில் மட்டும் எழுதுகிறேன். சங்கராபரணி ஆற்றோரம் சாக்கடையில் கிடந்த குட்டியைத் தாவணியில் சுற்றிக் கொண்டுவந்தவள் அவள். எங்களை விட்டுப் போனாள், சரி. நாயை இரண்டாம் தரம் விட்டுப் போவாளா? அவன் பளபளவென்று வாசலில் ஓடிவர வேண்டும். இப்படிச் சொறியோடு நின்றால் என் கணக்கு என்ன ஆவது?

நவம்பர் 8, சனி

பக்கத்து வீட்டு லூர்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சொறிதான்டி இது. மெக்கானிக் கடையில பழைய ஆயில் வாங்கியாந்து பூசு. நாலு நாள்ல மொளைக்கும் பாரு" என்றார். என் வீட்டுக்காரர் உடனே கேனோடு கிளம்பிவிட்டார். நான் ஒரு வேலை சொன்னால் மட்டும் முழங்கால் வலிக்கும்.

கருப்பு ஆயில். வயிறு முழுக்கப் பூசினோம். நாங்கள் கையைக் கழுவித் திரும்புவதற்குள் பாதியை நக்கிவிட்டான். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி. பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுக் கழுவினேன், அவன் நடுங்க நடுங்க. இவர் வாசலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். திட்ட வாய் வரவில்லை. ஜி.யைப் பிடித்துக்கொண்டது நான்தானே.

நவம்பர் 10, திங்கள்

வில்லியனூர் மாட்டாஸ்பத்திரி. ஜி.யை ஸ்கூட்டியில் நடுவில் வைத்து. நல்ல கூட்டம், ஒரே பசு, கன்றுக்குட்டி.

டாக்டரம்மா சின்ன வயசு. ஆயில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வண்டிக்குப் போடறத நாய்க்கு யாராச்சும் போடுவாங்களா? உள்ள போனா ஈரல் கெட்டுடும்." இவர் சுவரில் இருந்த கோமாரி நோய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறிப் பூச்சி இல்லை. உண்ணி இல்லை. படர்தாமரை மாதிரியும் தெரியவில்லையாம். அரிப்புக்கு மாத்திரை, குளிப்பாட்ட ஒரு மருந்து. நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னார். அதற்குள் ஒரு கன்று சரிந்து விழுந்துவிட்டது, அவர் ஓடினார்.

கூம்பு இவரே செய்தார். பைக்கிலிருந்து விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைச் சுருட்டி ஓரத்தில் என் லேஸ் வைத்துத் தைத்து. ஜி. வெயிலில் நின்றால் முகத்தைச் சுற்றி இவர் விலா எலும்பு தெரிகிறது. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம்.

நவம்பர் 17, திங்கள்

மாத்திரை தீர்ந்தது. குறையவில்லை. நக்காமலே சிவக்கிறது, சில இடம் கருத்துவிட்டது. தினமும் அறையை இன்னும் சுத்தமாகத் துடைத்தேன், புண்ணில் அழுக்குப் படக்கூடாதே என்று.

மறுபடி ஆஸ்பத்திரி. இன்று கூட்டம் இல்லை. டாக்டரம்மா ஜி.யை மல்லாக்கப் போட்டு நிதானமாகப் பார்த்தார். முதுகில் ஒரு முடி கொட்டவில்லை. வயிறு, தொடையின் உள்பக்கம், முழங்கை, தாடை. அவ்வளவுதான்.

"தரையில படுற எடம் மட்டும் போயிருக்கு. எங்க படுப்பான்?"

"பொண்ணு ரூம்ல."

"அங்க இன்னா போட்டு தொடைக்கிறீங்க?"

"பினாயில்தான். வண்டியில விக்கறது. ரெண்டு மூடி."

இவர் பின்னாலிருந்து, "ரெண்டு மூடி இல்லம்மா. அரை பாட்டில். தெனமும்."

"ஒரு ரூமுக்கா? யார் இருக்காங்க அதுல?"

"யாரும் இல்ல" என்றேன். "பொண்ணு மடத்துல இருக்கா. வருவா."

டாக்டரம்மா ஜி.யைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அதான்மா ஒத்துக்கல அவனுக்கு. முடி கம்மியா இருக்கற எடத்துல நேரா தோல்ல படுது. பினாயில் வேணாம். வெறும் தண்ணி போதும். கொஞ்ச நாளைக்கு அதுகூட வேணாம், பெருக்கினா போதும். தானா மொளைக்கும்."

வரும் வழியெல்லாம் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவளுக்காக என்று செய்ததெல்லாம் இவன் வயிற்றில் எரிந்திருக்கிறது. வாயில்லாத ஜீவன், எழுந்து வேறு இடத்துக்காவது போயிருக்கலாம். அவனும் அவள் இடத்தை விடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அறையை நிறைய தண்ணீர் விட்டுக் கழுவினேன், வாடை போகும்வரை. மீதி பாட்டிலை லூர்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் நாய் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் கை சும்மா இருக்கிறது. பக்கெட்டை எடுக்கிறேன், வைக்கிறேன். மூன்று ஜாக்கெட் கூடுதலாகத் தைத்திருக்கிறேன். இத்தனை நாள் அந்த ஈரத் துணியோடுதான் அவளிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ரீ. ஃபோன். "ஜிம்மி?" என்றாள். முடி கொஞ்சம் கொட்டியது, மருந்து போடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். "நான் பக்கத்துல இல்லாததாலயாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இல்லடி, தரை ஒத்துக்கலையாம் என்றேன்.

ஃபோனை வைத்த பிறகு என்மேலேயே கோபம். பொய் சொல்லத் தெரியாதவள் எதற்குக் கணக்குப் போட வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

முளைத்துவிட்டது. விரலால் தடவினால்தான் தெரிகிறது. நாய்க்குப் பூனைமுடி என்று இவர் கேலி. கூம்பைக் கழற்றியாயிற்று. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வந்தது, அதில் பாதியில் ஜி. படுத்திருக்கிறான்.

டிசம்பர் 27, சனி

வந்துவிட்டாள்.

இளைத்திருக்கிறாள். ஜி. வாசலில் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் காலடியில் மல்லாந்து விழுந்தான். அவள் முதலில் பார்த்தது அவன் வயிற்றைத்தான். குனிந்து கையை வைத்துக்கொண்டு வெகுநேரம்.

கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தேன். பாயைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்துக்கொண்டாள். "பழகிடிச்சிம்மா." ஜி. பக்கத்தில். கட்டில் அப்படியே.

டிசம்பர் 31, புதன்

இவர் எல்லாவற்றையும் உளறிவிட்டார், அரை பாட்டில் உட்பட. அவள் அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் ஆகலையாம்மா?" என்றாள். நகத்தோரம் தோல் உரிந்திருந்ததை நானே அப்போதுதான் பார்த்தேன்.

ஜனவரி 3, சனி

தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிறது இன்னும். நோவிஷியேட்டில் தோளோடு வெட்டிவிடுவார்களாம். சாதாரணமாகச் சொன்னாள்.

கேட்டுவிட்டேன். "ஜிம்மிய வுட்டுட்டு எப்புடி போவ?"

"அதான்மா பயந்துகினு வந்தேன். முடி கொட்டுதுன்னு நீ சொன்னதுலேர்ந்து ஜெபத்துல கூட மனசு நிக்கல. வந்து பாத்தா நல்லாயிட்டான். இனிமே நிம்மதியா போவேன்."

பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். முளைக்காமலே இருந்திருந்தால் இருந்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஜி. வந்து என் மடியில் தாடையை வைத்தான்.

ஜனவரி 5, திங்கள்

வெயில். பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, இன்று மட்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. கையை ஆட்டினாள். நானும்.

வீட்டுக்கு வந்து அறைக்குப் போனேன். பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருக்கிறாள். தரையெல்லாம் முடி. ஜி.யின் பழுப்பு முடி, அதற்கு நடுவில் அவளுடையது, நீளம் நீளமாக. ஜி. அதன் மேல்தான் படுத்திருந்தான்.

சாயங்காலம் இவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் பெருக்கலையா?"

"டாக்டரம்மா தொடைக்கக் கூடாதுன்னாங்க இல்ல."

"தொடைக்கத்தான் கூடாதுன்னாங்க. பெருக்க சொன்னாங்க."

நான் ஜி. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இவர் தரையில் கிடந்த நீள முடியைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்துப் போய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.