எழுந்து நின்ற படம்

ஸ்கோரி, அக்டோபர் 6

என் கண்ணான பத்ரிக்கு அம்மா எழுதுவது.

அப்பாவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில் இருந்தவர்கள்: பாதிரியார் பெசாரியன், பக்கத்து வீட்டு சியாலா, அவள் புருஷன் ஒத்தியா, மாவு மில் வாஜா, உன் அத்தை மர்கலித்தா, நீ, நான். அப்புறம் நீ கூட்டிவந்த அணைக் கம்பெனி இன்ஜினியர் கோச்சா. துக்க மேசைக்கு வந்தவனைப் போ என்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை. தேன் கலந்த கோதுமையை அவனுக்கும் வைத்தேன். இன்னொரு தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

“அப்பாவுக்காக எல்லாரும் எழுந்திரிங்க” என்று நீ சொன்னாய். செத்தவர் பேரில் குடிக்கிற வழக்கப்படி ஒயின் கிண்ணத்தோடு எழுந்தோம். கோச்சா படம் பிடித்தான். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன்.

நேற்று சியாலா கம்பெனிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிக்காரர்களுக்காக அச்சடித்ததாம். அதில் அந்தப் படம். அணைக்கு ஊரே எழுந்து நின்று சம்மதம் சொன்னதாகக் கீழே போட்டிருக்கிறது. “வாலிக்கோ செத்தும் ஓட்டுப் போட்டுட்டான்” என்று உன் அப்பாவைச் சொல்லி ஒத்தியா சிரித்தான். எனக்கு அழுகைதான் வந்தது. அணை கட்டினால் முதலில் முழுகுவது உன் அப்பா படுத்திருக்கிற இடம்.

உனக்குத் தெரியாமல் நடந்திருக்கும். அதை மட்டும் ஒரு வரி எழுது. குளிர் வருகிறது, வேன்காரனிடம் கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன்.

அம்மா மாக்வாலா

குத்தாயிசி, அக்டோபர் 19

அன்புள்ள அம்மா,

காலுறை அளவாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. கூட்டம் போட்டால் ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள், அப்பா சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று கோச்சாவிடம் சொன்னது நான்தான். எப்போது எழுவார்கள் என்பதையும் நான்தான் சொன்னேன். அணை வந்தால் எனக்கு நிரந்தர வேலை. ஊர்ப் பெண்கள் பிழைப்புக்காக இத்தாலிக்குப் போய்க் கிழவிகளைக் குளிப்பாட்ட வேண்டாம். அப்பாவை மேட்டில் பளிங்குக் கல் வைத்து மறுபடி அடக்கம் செய்வார்கள். நீ இங்கே வந்துவிடு அம்மா.

உன் பத்ரி

ஸ்கோரி, நவம்பர் 2

பத்ரிக்கு,

நான் வரவில்லை.

வசந்தத்தில் அப்பாவின் வருஷச் சாப்பாடு. யாரும் எழ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்காக உட்கார்ந்தபடியே குடிப்போம். வந்தவனைப் போ என்று சொல்லும் வழக்கம் இல்லைதான். நீ வந்தால் சொல்வேன்.

கோச்சா கூலிக்காரன், அவனை விட்டுவிட்டேன். கம்பெனியிடம் சர்ச்சுக்கு மணி வாங்கிக்கொண்டு வாயை மூடிய பாதிரியாரையும், சிரித்த ஒத்தியாவையும் விட்டாயிற்று. நான் கல்யாணமாகி வந்த வருஷம் நம் வேலியைத் தள்ளி நட்ட வாஜாவையும்கூட, இத்தனை காலம் கழித்து, நேற்று மன்னித்தேன்.

மன்னிக்காதது ஒரே ஆளை. வாலிக்கோவின் மகன் பத்ரியை.

மாக்வாலா