உள்ளங்கையில் இரும்பு வாசனை

அடியே,

சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் உள்ளங்கையில் இரும்பு வாசனை போகவில்லை. உனக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் என் கையை மோந்து பார்த்துவிட்டு "பூட்டுக்கடைக்காரி" என்று நீ கிண்டல் செய்ததெல்லாம் இதற்காகத்தான். இன்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் அது மறுபடி என் கையில் ஏறிக்கொண்டது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

எனக்கு முதல் வலிப்பு எங்கே வந்தது, நினைவிருக்கிறதா? வேறு இடமே கிடைக்காத மாதிரி, நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின் மேல். காலையில் பாவு தெருவில் இருக்கும்போது நாயைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு அதன் மேலேயே சாய்ந்தேன். கண் விழித்தபோது தலைமுடியெல்லாம் அறுந்த நூல். கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து. பாவுக்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டு மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "பித்த மயக்கம்" என்றாள். இரும்பு கையில் இருந்தால் வலிப்பு அண்டாது என்று பழைய பீரோ சாவி ஒன்றைக் கொடுத்து, வகுப்பிலும் பிடித்துக்கொண்டே உட்காரச் சொன்னாள். வலது கையில் பேனா, இடது கையில் பீரோ சாவி. உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் என்னைப் பார்த்துச் சிரித்தவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தாய். வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே அம்மா உன்னை எச்சரித்திருந்தாள். டாக்டர் கேட்டதும் அம்மா அதே பித்த மயக்கத்தை எடுத்துவிட்டாள். நீ குறுக்கே புகுந்தாய்.

"இல்லீங்க சார், வலிப்பு. மொதல்ல இடது கை இழுக்கும், அப்புறம் கண்ணு மேல போயிடும். நான் கிட்ட நின்னு பாத்துகினு இருந்தேன்."

அதன் பிறகு டாக்டர் எல்லாக் கேள்வியையும் உன்னிடமே கேட்டார். சாவி வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கு மெத்தென்று ஏதாவது கொடுத்தால் போதும், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்றார். திரும்பும்போது கண்ணமங்கலம் வரை அம்மா உன் முகத்தையே பார்க்கவில்லை. அங்கே பஸ் நின்றபோது மசால் வடை வாங்கி, முதல் வடையை உன்னிடம் நீட்டினாள். "தின்னு" என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் பரீட்சை விஷயத்தில் அம்மா இறங்கி வரவில்லை. மாத்திரை பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வருசம் எழுத வாணாம். ஹால்ல உழுந்தா ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" நான் அழுதேன். நீ அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டாய்: "ஊருக்குத் தெரியறதுதான உங்க பேஜாரு? முன்னாடியே தெரிஞ்சிட்டா?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பின் முன்னால் போய் நின்று, எனக்கு வலிப்பு என்றும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டாய். உன்னைக் கொன்று போடலாம் போலிருந்தது. என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று உன்னோடு பேசுவதையே நிறுத்தினேன். "பேசலன்னா போ. ஆனா பக்கத்துலதான் உக்காருவேன்" என்றாய். உட்காரவும் செய்தாய்.

திருப்புதல் தேர்வின் நடுவில் விழுந்தேன். கண் திறந்தபோது தலைக்குக் கீழே யாருடைய பையோ இருந்தது. பெண்கள் எனக்கு முதுகு காட்டி வட்டமாக நின்றிருந்தார்கள், வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காதபடி. உள்ளங்கை காலியாக இருந்தது. "எழுந்துட்டியா? பேனா மூடிய எங்கடி போட்ட? தேடிகினு இருக்கேன்" என்றது உன் குரல். என்னை அழைத்துப் போக வந்த அம்மா வாசலிலேயே நின்று அந்த வட்டத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும், அதுவரை என் பையில் கிடந்த சாவியை எடுத்துப் பீரோவிலேயே தொங்கவிட்டாள். பொதுத் தேர்வுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான்.

எனக்காகத்தான் ஊர் பயந்துகொண்டிருந்தது. கல்லூரி இரண்டாம் வருட மழைக்காலத்தில், காய்ச்சலில் போனது நீ. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இன்று களம்பூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் விழுந்தாள். கூட்டத்தில் யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அதை நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். அவளை ஒருக்களித்து, என் பையைத் தலைக்குக் கீழே வைத்தேன். அவள் அம்மா சுற்றியிருந்தவர்களிடம், "காலையில சாப்பிடலீங்க, மயக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வலிப்புதாங்கம்மா. எனக்கும் இருக்கு" என்றேன். அன்று அதை எனக்காக ஊருக்குச் சொன்னவள் நீ. என் வாயால் இன்றுதான் வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெண் கண் திறந்த பிறகு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "உன்ன பரீட்ச எழுத உட்டாங்களாம்மா?"

"உடலீங்க. என் சிநேகிதி ஒருத்தி உட வெச்சா."

அவர் உன் பேரைக் கேட்டார். சொன்னேன்.