ஒரே வகுப்பில் நாம் இருவர்

டெல்லா,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. வாஷிங் மெஷினைப் பார்க்க ஆள் வருவார், நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திற. கார் சாவியை உனக்கே வைத்திருக்கிறேன். நான் பஸ்ஸில் போகிறேன். ஒரே காரில் வந்து இறங்கினால் உனக்கு மானம் போகிறதே.

"உனக்கு வேற காலேஜே கிடைக்கலையாம்மா?" என்று நேற்று கத்தினாய். கிடைக்கவில்லை. நீ பட்டதாரி. ஒரு வக்கீலிடம் ஒரு வருடம் வேலை பார்த்து, உனக்குத் தகுதி உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்தால் நீ பாராலீகல், அதாவது வக்கீலின் சட்ட உதவியாளர், ஆகிவிடலாம். அந்த வேலை கிடைக்காமல்தான் வகுப்புக்கு வந்தாய். எனக்கு இருப்பது வெறும் பள்ளிப் படிப்பு. இத்தனை வருடம் வக்கீல் ஆபீசில் ஃபைல் தூக்கியும், இந்த வகுப்பு தரும் சான்றிதழ் இல்லாமல் கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பஸ் போகிற தூரத்தில் இருப்பது இந்தக் கல்லூரி ஒன்றுதான்.

நான் முன் வரிசையில் உட்காருகிறேன். நீ பின்னால் உட்கார். செல்லம் என்று கூப்பிட மாட்டேன்.

அம்மா

பி.கு. போன வகுப்பில் நீ காபி வாங்கப் போனபோது டீச்சர், "ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரா இருக்கே, சொந்தமா?" என்று கேட்டார். உனக்காக, "இல்லை" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்றைய பாடமோ, வக்கீல் ஆபீசில் பொய் சொல்லக்கூடாது என்பது. "அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்பார். உனக்குத் தோன்றுவதைச் சொல். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.