மாடிப்படி யாருக்கு

ஜனவரி 9
முன்னறை இரண்டையும் கேக் கடையாக்குவது என்று அக்காவும் நானும் முடிவு செய்துவிட்டோம். அப்பா எங்கள் இருவர் பேருக்கும் விட்டுப்போன வீடு. கேக்குக்கு அக்காவின் கை, வியாபாரத்துக்கு என் வாய். கடைக்குப் பெயர் வைப்பதில்தான் அடிதடி.

ஜனவரி 12
வக்கீலம்மாவிடம் போய் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்றேன். அக்கா அடித்துக்கொண்டிருந்த கிரீமை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.
"கூடப் பொறந்தவகிட்டயே கையெழுத்து கேக்குறியா? உன் வீட்டைத் தூக்கிட்டு ஓடிடப் போறேனா?"
உன் வீடு என்கிறாள். அவளுடையதும்தானே? கோபத்தில்கூட எனக்கே கொடுத்துவிட்டாள். இவளிடம் போய் நான்—

ஜனவரி 13
அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஜனவரி 16
எனக்கு எதற்கு இவ்வளவு பிடிவாதம்?
தாத்தா வீட்டுக்காக அப்பாவும் பெரியப்பாவும் கோர்ட்டு ஏறினார்கள். கடைசிவரை பேச்சு இல்லை. அப்பா இறந்த அன்று பெரியப்பா தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே வாங்க என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அக்காவும் ஒருநாள் அப்படி நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? இந்தப் பயத்தைச் சொல்லாமல், ஒப்பந்தம் என்று தொடங்கினால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது.

ஜனவரி 17
அக்கா வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.
"அவங்களும் எழுதித்தானே வச்சாங்க. எழுதி என்ன ஆச்சு?"
நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்ததும் தாத்தா வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன்.

ஜனவரி 20
அந்தப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இருவரும் வக்கீலம்மாவிடம் போனோம். கீழ்வீடு அப்பாவுக்கு, மாடி பெரியப்பாவுக்கு.
"மாடிப்படி யாருக்குன்னு எழுதவே இல்லையேம்மா" என்றார்.
படி கீழ்வீட்டுக் கூடத்துக்குள் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் படிக்கு என்ன கணக்கு என்று விட்டிருப்பார்கள். பிறகு அப்பா கூடத்துக்குக் கதவு போட்டார். பெரியப்பா நோட்டீஸ் விட்டார்.
வெளியே வந்ததும், "இவ்வளவுதானாடி?" என்றாள் அக்கா. தெருவிலேயே அழுதாள்.

ஜனவரி 21
அக்கா வீட்டை முன்னும் பின்னும் சுற்றிவந்தாள், எதை மறந்தோம் என்று.
"ஒருத்தி விலகினா கடைப் பேரு யாருக்கு? என் கேக் பக்குவத்தை நீ போடலாமா? விலகுறவ வீட்டுப் பங்குக்கு வாடகை உண்டா?"
எனக்குத் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றியது. கடைசியில்,
"விலகணும்னு நினைச்சா மொதல்ல மத்தவகிட்டதான் சொல்லணும். புருஷன்கிட்டகூட அப்புறம்தான். இதையும் எழுதச் சொல்லு."

பிப்ரவரி 2
கையெழுத்து ஆயிற்று. வக்கீலம்மா சிரித்தார், ஆனால் அந்த வரியை எடுக்கவில்லை.

மூன்றாம் வருடம், ஆகஸ்ட் 14
கடை மூடும்போது அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றாள்.
"மகளோட போய் இருந்துடலாம்னு தோணுதுடி. அத்தான்கிட்ட இன்னும் சொல்லல."
மீதி ஷட்டரை நானே இறக்கினேன். என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

செப்டம்பர் 5
எழுதியபடியே எல்லாம் முடிந்தது. கடை எனக்கு, வீட்டுப் பங்கு அவளுக்கு அப்படியே, வாடகையோடு. வக்கீலம்மா கொடுத்த டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டோம். திரும்பும் வழியில் போட்டிக் கடையில் ஒரு துண்டு கேக் வாங்கினோம். "முட்டை வாடை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல, கடைக்காரர் முறைத்தார். மகள் ஊருக்குப் போகும்வரை அக்கா இங்கேதான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், போகிறேன்.