நூல் கட்டிய வீடு

கீழக்கரை
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு

அன்பு மகள் மாஷிதாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். என் மூட்டுவலிய விட்டா இங்கன நானும் உங்க வாப்பாவும் அல்லாஹ் உதவியால சொகமா இருக்கோம். அங்கன நீயும் மாப்பிள்ளை பர்வேசும் பேத்தி சின்னவளும் அந்தப் பாழாப்போன பனியில சளி கிளி பிடிக்காம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேக்குறேன். உம்மா என்ன புதுசா கடுதாசி எழுதுறா, போன் கெட்டுப்போச்சான்னு நெனப்பே. போனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன்ல பேசினா ஒண்ணு கோவத்துல வச்சுருவேன், இல்லாட்டி அழுதுருவேன், அதான் பேனாவ எடுத்தேன். மாப்பிள்ளையோட கூட்டாளி ஞாயித்துக்கெழமை கனடாவுக்குக் கெளம்புறாரு, அவர்கிட்ட தேங்காப்பால் ஊத்தித் தொதல் அல்வா கிண்டிக் கொடுத்து விடுறேன், அந்த டப்பாவோடதான் இதையும் வைக்கிறேன். தொதல முதல்ல எடுத்து வெளிய வை, ஃபிரிட்ஜுல போட்டுக் கல்லாக்கிராத.

போன தடவ போன்ல நீ சொன்னத அப்படியே எழுதுறேன், நான் தப்பா வெளங்கியிருந்தா சொல்லு. ஒனக்கு வீடு கட்டுற மனையில இருளாண்டி கொத்தனார் பேஸ்மட்டம் முடிச்சுட்டாரு, சுவரு எழுப்பவான்னு கேக்குறாருன்னு உங்கிட்ட சொன்னேன். நீ, வீடு வேணாம் உம்மா, நாங்க இங்கனயே இருந்துரலாம்னு இருக்கோம்னே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளைக்கு வீடு கொடுக்காம எந்த உம்மா கண்ண மூடியிருக்கா? எங்க உம்மா எனக்குக் கொடுத்த வீட்லதான நீ பொறந்தே. நானும் விடாம, கண்ண மூடிப் பாரு புள்ள, பின்வாசல், பொம்பளைக நடக்குற சந்து முடுக்குல தொறக்குது, நீ தெருவுல எறங்காம அந்த முடுக்கு வழியாவே தட்ட மூடி எடுத்துக்கிட்டு எங்கிட்ட வாரே, எப்படி இருக்குன்னு கேட்டேன். அதுக்கு நீ, எனக்குக் கண்ண மூடினா ஒண்ணுமே வராது உம்மா, இருட்டுத்தான், நீங்க சொல்ற வீட்ட நான் ஒரு நாளும் பாத்ததில்ல, உங்க முகம்கூட போன்ல வந்தாத்தான் உண்டுன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, சின்னவ பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசப் போயிட்டே. பெத்தவ முகம் வராதாமா! அப்புறம் நீ கூப்பிட்டப்பல்லாம் நான் எடுக்காததுக்கு வேற காரணம் கெடையாது, இதுதான்.

எனக்கு எப்படின்னு உனக்குத் தெரியாது மாஷிதா. அந்த மனையில கால வச்சா எனக்கு வீடு முழுசா நிக்கும். சன்னலுக்கு இளம்பச்சை பெயிண்ட், சமையக்கட்டுல வெயில் விழுற எடம், நீ முக்காட்ட ஒதுக்கிக்கிட்டு மீன் அலசுறது, அந்தத் தண்ணி போற வழி வரைக்கும் தெரியும். இருளாண்டி ஒரு நாள் சிரிச்சுப்புட்டாரு, சுவரே இல்லாத எடத்துல சுத்திச் சுத்திப் போறீகளே அம்மான்னு. எனக்கு சுவரு இருக்கே, நான் எப்படிக் குறுக்க போவேன்? உங்க வாப்பா ஆனா சமையக்கட்டுக்குள்ள பூந்து ஒன் ரூம் வழியா வெளிய வருவாக. அடுப்ப மிதிச்சுட்டீகளே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையான்னு எத்தன நாள் கத்தியிருப்பேன்! அவுக மொணங்கிக்கிட்டே ஒதுங்கி நிப்பாக, எங்கன ஒதுங்கணும்னு தெரியாம.

நீ சொன்னத அவுககிட்ட சொல்லிப் புலம்பினேன், புள்ளைக்கு என் முகமே மறந்துபோச்சுன்னு. அவுக வெத்தலைய மடிச்சுக்கிட்டே, மறக்கல, அவ என்னைக் கொண்டு பொறந்துருக்கா, எனக்கும் கண்ண மூடினா இருட்டுத்தான்னாக. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, பொறவு பயமா இருந்துச்சு. கண்ணுக்குள்ளயே நிக்குது, கண்ணுக்குள்ளயே நிக்குதுன்னு ஊரே சொல்லுதே, அது என்னன்னு நெனச்சீகன்னு கேட்டேன். பாசத்துல சொல்ற பேச்சுன்னு நெனச்சேன், நெசமாவே தெரியும்னு நெனக்கலைங்குறாக. இந்த மனுசனோட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், இது தெரியல பாரு எனக்கு. அப்ப சவுதியில தம்மாம்ல வேலைக்கு இருந்தப்ப எங்களை எப்படி நெனச்சீகன்னு கேட்டேன். அப்பத்தான் நூல் கதையச் சொன்னாக. அந்தக் காலத்துல அவுக எழுதுற ஒவ்வொரு கடுதாசியிலயும், புள்ள ஒசரத்துக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பு, கவுன் எடுக்கணும்னு எழுதுவாக. நானும் உன்னச் சுவத்துல சாச்சு நிறுத்தி உச்சந்தலையில இருந்து குதிகால் வரைக்கும் அளந்து அனுப்புவேன். வந்த கவுன் ஒண்ணாவது உனக்குச் சேந்துச்சா? தோள் எங்கயோ கை எங்கயோ கெடக்கும், அளவு அனுப்பியும் கவுன் வாங்கத் தெரியாத ஆளுன்னு நான் திட்டித் திட்டி எழுதுவேன். அந்த நூலு ஒண்ணுகூடக் கடைக்குப் போகலையாம். கட்டிலு பக்கத்துச் சுவத்துல ஆணி அடிச்சு, தரையத் தொடுற மாதிரி தொங்கவிட்டு, வேல முடிஞ்சு வந்ததும் அந்த ஆணி மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு நிப்பாகளாம். ஒன் தலையத் தடவுற மாதிரியாம். புது நூலு வந்தா ஆணியப் புடுங்கி மேல அடிப்பாகளாம். இதச் சொல்லும்போது கைய அந்தரத்துல வச்சுக் காட்டினாக பாரு, எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

மறுநா காலையில அவுகளே இருளாண்டிகிட்டப் போய், சுவரு இப்ப வேணாம், சுவரு வர்ற எடத்துலெல்லாம் குச்சி நட்டு இடுப்பு ஒசரத்துக்கு நூல் மட்டும் கட்டி விடுப்பான்னு சொன்னாக. கொத்தனாரு என்னைப் பாத்தாரு, அவுகளப் பாத்தாரு, எதுக்குன்னு கேக்காம கட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. உங்க வாப்பா அந்த நூல விரலால தடவிக்கிட்டே முன்வாசல்ல நுழைஞ்சு, கூடத்தத் தாண்டி, சமையக்கட்ட மிதிக்காம சுத்திப்போய் ஒன் ரூமுக்குள்ள நின்னாக. இங்கனதான் மாஷிதா படுப்பாளான்னு கேட்டாக. ஆமான்னேன். தோள்துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு அப்படியே குந்திட்டாக. நான் பாத்துக்கிட்டு நிக்கிற வீட்ட அவுக அன்னைக்குத்தான் மொதமொதல்ல பாத்தாக. இப்ப தெனமும் அஸர் தொழுதுட்டு அங்கன போய்த் தடவிட்டு வாராக, ஆடு மாடு அத்துப்போட்டா திட்டிக்கிட்டே முடிச்சுப் போடுறாக.

கண்ண மூடினா இருட்டுங்குற ஒன்னையும் வாப்பாவையும் நெனச்சுப் பாவப்பட்டேன், ஆனா இப்ப யாரு பாவம்னு தெரியல. எனக்கு நீ தெனமும் வாரே. பொழுது சாயுற நேரம் பின்வாசல் வழியா வந்து ஒக்காருறே. வெளிநாடு போன அன்னைக்குக் கட்டியிருந்த அதே சேலை, அதே வயசு. போன்ல ஒன் காதோரம் நரைச்சிருக்கு, என் மாஷிதாவுக்கு நரைக்கவே இல்ல. நல்லாத் தெளிவாத் தெரியுற, தொட்டா கையில ஒண்ணும் இல்ல. சோறு போட்டு வைக்கிறேன், வச்ச சோறு வச்சபடி இருக்கு. இருட்டா இருந்தாலும் அவுக கைக்கு ஒரு ஆணியாவது கெடச்சுச்சு.

அதனால, வீடு வேணாம்னா வேணாம் மகளே, நான் மல்லுக்கு நிக்க மாட்டேன். ஆனா போன்ல சொல்லாத. கண்ண மூடியும் சொல்லாத. நோம்புப் பெருநாளைக்குச் சின்னவளையும் கூட்டிக்கிட்டு வந்து, அந்த நூலத் தொட்டுக்கிட்டு வாசல் வழியா நடந்து ஒன் ரூம்ல நின்னு, அதுக்குப் பொறவும் வேணாம்னு தோணுச்சுன்னா என் முகத்தப் பாத்துச் சொல்லு. நானே நூல அவுத்துச் சுருட்டிர்றேன். அதுவரைக்கும் சுவரு எழுப்ப வேணாம்னு இருளாண்டிகிட்ட சொல்லியாச்சு.

தொதல் டப்பாவுக்கு அடியில ஒரு செகப்பு நூல் சுருட்டி வச்சிருக்கேன், பார்சல் கட்டின நூல்னு தூக்கிப் போட்டுராத. அது என் ஒசரம். வாப்பாதான் அளந்தாக. நடுவுல இல்லாம மேல கொஞ்சம் தள்ளி ஒரு முடிச்சு இருக்கும், அது என் தோள். சுவத்துல ஆணி அடிச்சு, நுனி தரையத் தொடுற மாதிரி தொங்கவிடு. என் முகம் வராட்டி போகுது, களைச்சு வர்ற அன்னைக்கு அந்த முடிச்சுல தலைய வச்சு நில்லு, நான் அங்கனதான் இருப்பேன். சின்னவ ஒசரத்துக்கு ஒரு நூல் வாப்பாவுக்கு அனுப்பு, கேட்டுக்கிட்டே இருக்காக, ஆணி ரெடியா வச்சிருக்காக. கவுனுக்கு இல்ல.

அல்லாஹ் உங்க மூணு பேரையும் நோய் நொடியில்லாம, ஒருத்தர விட்டு ஒருத்தர் பிரியாம வச்சிருக்கட்டும். மறந்துராத, முடிச்சு மேல் பக்கம் வரணும், தலைகீழா மாட்டிராத.

ஒன் வரவுக்காகப் பின்வாசல்ல நிக்கிற
உம்மா
மஜீதா