சுவரோடு சேர்ந்த அடுப்பு

மார்ச் 3
கட்டிட ஓனர் என் பேக்கரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள். அவர் மருமகன் இங்கேயே பேக்கரி வைக்கப் போகிறாராம். வைக்கட்டும், என் அடுப்பைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். சிரிக்கிறார்! "அடுப்பு எப்படிம்மா உன்னுது? அக்ரிமெண்ட்டப் படிச்சுப் பாரு."

மார்ச் 4
படித்தேன். கையெழுத்துப் போட்டு ஆறு வருடம் கழித்து! நாலாம் பக்கம்: வாடகைதாரர் சுவரோடும் தரையோடும் சேர்த்துக் கட்டுவது எதுவானாலும் கட்டிட உரிமையாளரையே சேரும். அதற்கு நேர் கீழே என் கையெழுத்து, சுழி எல்லாம் போட்டு அழகாக.

மார்ச் 5
ஏன் படிக்கவில்லை? கணவர் கேட்டார். நானும் என்னையே கேட்கிறேன். அன்றைக்கு அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணே அண்ணே என்று நான் கூப்பிடுகிற ஆளை முன்னால் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகுமே என்று கூசினேன். பெரிய மரியாதை! அந்த மரியாதையில் போனது என் கணவர் ஒரு மாதம் லீவு போட்டு, செங்கல் செங்கல்லாக வைத்துக் கட்டிய அடுப்பு.

மார்ச் 9
அடுத்த தெரு வக்கீலம்மா நாலாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "கையெழுத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஒரு வரிய மாத்தச் சொல்லியிருப்பேன். இப்ப நீங்க இடிச்சா அவர் உங்க மேல கேஸ் போடலாம்."
என் அடுப்ப நான் இடிச்சா என் மேலயே கேஸா? அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? யாரைத் திட்டுவது — அந்த ஆளையா, என்னையா?

மார்ச் 10
இனி அவர் எனக்கு அண்ணனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மார்ச் 28
சாவியை மேஜைமேல் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. மருமகன் அடுப்பைத் தட்டிப் பார்த்து, "நல்லா கட்டியிருக்காங்க மாமா" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6
அக்கா தன் வீட்டு முன்னறையைக் கடைக்குத் தருகிறாள். வக்கீலம்மாவிடம் சொல்லி நானே பத்திரம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கட்டப்போகும் அடுப்பு எனக்கே சொந்தம். பத்து வருடத்துக்கு அக்கா என்னைக் காலி செய்யச் சொல்ல முடியாது. இரண்டும் அதில் இருக்கின்றன. இரண்டாவதை அவளிடம் பேசவே இல்லை. படித்தால் கேட்பாள், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.
அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எங்கடி போடணும்?" என்றாள்.
விரலை வைத்துக் காட்டினேன்.